எண்ணம் எவருடையது? – காந்தியடிகள் வாழ்வில் ஓர் அகத்தேடல்

ஒரு செயலைச் செய்தபின், அதனை ஏன் செய்தோம் என்று எவரேனும் வினவினால், நாம் தயக்கமின்றி விடை கூறிவிடுகிறோம். ஜினாலயத் திருப்பணிக்குப் பொருள் வழங்கியவர் பக்தியினால் வழங்கியதாகக் கூறுகிறார். சதுர்த்தசியன்று உண்ணாநோன்பு இருந்தவர் வினை உதிர்வதற்காக இருந்ததாகக் கூறுகிறார். மகனைத் தாம் விரும்பிய படிப்பில் சேர்த்த தந்தை, அவனுடைய நன்மைக்காகவே சேர்த்ததாகக் கூறுகிறார். இவை பொய்யான விடைகள் அல்ல. ஆயினும், பளிங்குக் கல்லில் தம் பெயர் கீழே பொறிக்கப்பட்டதைக் கண்டு அப்பக்தரின் முகம் ஏன் வாடிற்று? நோன்பிருந்ததை எவரும் அறியவில்லையே என்று உள்ளம் ஏன் ஏங்கிற்று? மகன் வேறு வழியை நாடியபோது தந்தைக்குச் சினம் ஏன் பொங்கிற்று?

நம் விருப்பங்களை ‘என்னுடையவை’ என்று நாம் உரிமை கொண்டாடுகிறோம். அவற்றுள் எவை நம்முடையவை, எவை பிறரிடமிருந்து ஒட்டிக்கொண்டவை, எவை வேறொன்றின் வேடமணிந்து வந்தவை என்பதை நாம் உண்மையில் அறிவோமா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் தம்மிடமே கேட்டுக்கொண்ட ஒருவரின் வரலாற்றை இங்கு ஆராய்வோம். அவர் பிறப்பால் வைணவர். ஆனால் அவருடைய அகத்தேடலுக்கு ஒளியூட்டியவர்களுள் முதன்மையானவர் ஒரு ஜைனப் பெருந்தகை. அத்தேடலின் மிகச் சிறந்த நிகழ்ச்சி ஒன்று நடைபெற்ற இடமோ நம் மதுரை மாநகரம். அண்ணல் காந்தியடிகளையே குறிப்பிடுகிறோம்.

மதுரை கே.கே. நகரில் வாழும் நமக்கு இரண்டு நினைவுச் சின்னங்கள் அணுக்கமாக அமைந்துள்ளன. ஒன்று, வடகிழக்கே நீண்டு கிடக்கும் யானைமலை. நம் முன்னோராகிய முனிவர்கள் தங்கித் தவமியற்றிய கற்படுக்கைகளும், தமிழி எழுத்துக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அங்கு உள்ளன. மற்றொன்று, தமுக்கத்தை அடுத்து இராணி மங்கம்மாள் அரண்மனையில் அமைந்துள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம். 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு இதனைத் திறந்து வைத்தார். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து மலைக்குகைகளைத் தரிசிக்க வரும் நம் உறவினர் பலர் இவ்வருங்காட்சியகத்தையும் கண்டு செல்கின்றனர். அண்ணல் மறைந்த நாளில் அணிந்திருந்த குருதி தோய்ந்த ஆடை அங்கே காக்கப்பட்டு வருகிறது. அவ்வாடையின் முன் நிற்போர் அவருடைய மறைவை எண்ணிக் கலங்குகின்றனர். அவ்வாடை அத்துணைக் குறுகியதாக ஆனது எவ்வாறு என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும்.

இரவல் வாங்கிய ஆசை

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்தார். சௌராட்டிரப் பகுதியில் ஜைனமும் வைணவமும் அண்டை வீட்டாராகவே வாழ்ந்தன. அவருடைய தந்தையாரின் இல்லத்திற்கு ஜைனத் துறவிகள் வருவதும் அறம் உரைப்பதும் வழக்கம். அன்னையார் புத்லிபாய் நோன்புகளில் ஊறிய பெருமாட்டி.

அத்தகைய குடும்பத்தில் பிறந்த சிறுவர், பள்ளிப் பருவத்தில் நண்பர் ஒருவரின் தூண்டுதலால் மறைவாகப் புலால் உண்டார். அதற்கு அவர் கொண்டிருந்த காரணம் வியப்புக்குரியது. ஆங்கிலேயர் புலால் உண்பதனால் வலிமை பெற்று நம்மை ஆள்கின்றனர். நாமும் உண்டால் வலிமை பெற்று அவர்களை வெல்லலாம் என்று நண்பர் கூறினார். ஆகவே அவர் நாவின் சுவையை நாடி அதனைத் தொடங்கவில்லை. நாட்டுப்பற்று என்றே நம்பினார். உண்ட முதல் இரவில், உயிருள்ள ஆடு ஒன்று தம் வயிற்றினுள் கதறுவதாக உணர்ந்து உறங்காது தவித்தார். ஆயினும் அது கடமை என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டார். ஓராண்டுக் காலத்தில் ஐந்தாறு முறை இவ்வாறு நிகழ்ந்தது. நாளடைவில் கடமையாகத் தொடங்கியது சுவையாகவும் மாறிற்று. பெற்றோரிடம் பொய்யுரைக்க நேர்வதைத் தாங்க இயலாமல் இறுதியில் அதனைக் கைவிட்டார்.

ஒரு சிறுவனின் தவறு என்று இதனை நாம் தள்ளிவிடுதல் தகாது. ஆசை நண்பருடையது, காரணம் அக்கால அரசியலுடையது, அச்சம் தம் மெலிந்த உடலுடையது. இம்மூன்றும் சேர்ந்து ‘என் கொள்கை’ என்னும் பெயரைப் பெற்றன. அச்சிறுவருக்குச் சொந்தமாக இருந்தது, வயிற்றினுள் கதறிய ஆடு ஒன்றே எனலாம்.

1888-இல் அவர் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விரும்பியபோது அன்னையார் அஞ்சினார். குடும்பத்திற்கு நெருங்கியவரான பேசர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவியே வழி காட்டினார். மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் உறுதியை அவர் முன்னிலையில் இளைஞர் ஏற்றார். லண்டனில் அவ்வுறுதி முதலில் அன்னையின் பொருட்டே காக்கப்பட்டது. பின்னர், சைவ உணவு பற்றிய நூல்களைப் பயின்று, தாமே ஆராய்ந்து, அதனைத் தம் சொந்தக் கொள்கையாக்கிக் கொண்டார். வெளியிலிருந்து வந்ததும், ஆராய்ந்து ஏற்கப்படும்போது நம்முடையதாகலாம் என்பதற்கு இது சான்று.

பம்பாயில் ஒரு பெருந்தகை

1891 ஜூலைத் திங்களில் வழக்கறிஞராக நாடு திரும்பிய காந்தியடிகள், டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் ஓர் இளைஞரைச் சந்தித்தார். தம்மைவிட இரண்டு ஆண்டுகளே மூத்த அவ்விளைஞரே ராய்சந்த்பாய் எனப்பட்ட ஸ்ரீமத் ராஜசந்திரர்.

ஸ்ரீமத் 1867-இல் மோர்பியை அடுத்த வவாணியா என்னும் ஊரில் தோன்றியவர். இருபது வயதை எட்டுமுன்பே, ஒரே வேளையில் நூறு செய்திகளை நினைவிற்கொண்டு மீட்டுக் கூறும் சதாவதானியாகப் புகழ் பெற்றார். காந்தியடிகளும் தாமறிந்த பல மொழிச் சொற்களை எழுதி வாசித்து அவரைச் சோதித்து வியந்தார். ஆனால் அப்புகழின் உச்சியிலேயே ஸ்ரீமத் அவ்வித்தையை மேடையேற்றுவதை நிறுத்திக்கொண்டார். அது ஆன்ம வளர்ச்சிக்கு உதவாது என்பது அவர் கண்ட முடிவு. மக்கள் கைதட்டக் கைதட்ட, அவ்வாற்றலைக் காட்டும் விருப்பம் எவருடையதாகிறது என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

அவர் பம்பாயில் முத்தும் வைரமும் விற்கும் வணிகர். இலட்சக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடைபெறும். ஆயினும் அவருடைய இருக்கையின் அருகே அறநூல் ஒன்றும் நாட்குறிப்பு ஒன்றும் எப்போதும் இருக்கும். வணிகப் பேச்சு முடிந்த கணமே அவற்றுள் ஒன்று திறக்கப்படும். இக்காட்சி காந்தியடிகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

இவ்விருவரிடையே நடந்த உரையாடல் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது. இங்கிலாந்துப் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனுக்கு அவருடைய மனைவியார் பாராளுமன்றத்திலும் தம் கையாலேயே தேநீர் தயாரித்து அளிப்பார் என்பதைக் காந்தியடிகள் போற்றிப் பேசினார். ஸ்ரீமத் ஓர் எதிர்வினாவை எழுப்பினார். மனைவி என்னும் உறவினால் எழுந்த அன்பு உயர்ந்ததா, அன்றி எவ்வுறவுமின்றி எழும் தொண்டு உயர்ந்ததா? அதே பணிவிடையை ஒரு பணியாள் செய்திருந்தால் நாம் இவ்வாறு போற்றுவோமா? இவ்வாறு அவர் கேட்டபோது அச்சொற்கள் காந்தியடிகளுக்குக் கடுமையாகத் தோன்றின. ஆனால் நீங்காமல் நெஞ்சில் தங்கிவிட்டன. செயலைப் பாராதே, அதனை இயக்கும் வேரைப் பார் என்னும் பாடம் அது.

தென்னாப்பிரிக்காவில் கிறித்தவ, இஸ்லாமிய அன்பர்கள் தத்தம் சமயத்திற்கு அவரை அழைத்தனர். அப்போது எழுந்த ஐயங்களை 1894-இல் இருபத்தேழு வினாக்களாக அவர் ஸ்ரீமத்துக்கு எழுதி அனுப்பினார். ஆன்மா யாது, அது வினைகளைச் செய்யும் கர்த்தாவா என்பவை அவற்றுள் முதன்மையானவை. ஸ்ரீமத் அளித்த விடைகள் அவருக்கு அமைதி தந்தன. 1896-இல் நடியாதில் 142 செய்யுட்களாக ‘ஆத்மசித்தி’யை அருளிய ஸ்ரீமத், 1901 ஏப்ரலில் முப்பத்து மூன்றாம் வயதில் ராஜ்கோட்டில் மறைந்தார். அவர் எழுப்பிய வினா காந்தியடிகளின் உள்ளத்தில் தொடர்ந்து வாழ்ந்தது.

ஐம்பது கினி மாலை

அதே 1901-இல் காந்தியடிகள் குடும்பத்துடன் இந்தியா திரும்ப முடிவு செய்தார். நேட்டாலில் வாழ்ந்த இந்தியர் அவருக்குப் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தனர். அவற்றுள் ஐம்பது கினி மதிப்புள்ள பொன்மாலை ஒன்று கஸ்தூரிபாய்க்கு உரியது. அன்றிரவு காந்தியடிகள் உறங்கவில்லை. தொண்டுக்கு விலை பெறுவது முறையா என்னும் வினா அவரை வாட்டிற்று. இறுதியில் அனைத்தையும் ஓர் அறக்கட்டளையாக்கிச் சமூகத்திற்கே அளிப்பதென முடிவு செய்து, பார்சி ருஸ்தம்ஜி முதலியோரை அறங்காவலராகக் குறித்து ஆவணமும் எழுதினார். பின்னரே பிள்ளைகளிடம் பேசி இசைவு பெற்றார். அதன் பின்னர் அவர்கள் துணையுடன் மனைவியாரை அணுகினார்.

கஸ்தூரிபாய் எளிதில் இணங்கவில்லை. பிள்ளைகள் தந்தையின் தாளத்திற்கு ஆடுபவர்கள். தமக்கு நகை வேண்டாவிடினும் நாளை வரும் மருமகள்களுக்கு வேண்டாவா என்று வாதிட்டார். இம்மாலை உன் தொண்டிற்காகத் தரப்பட்டதா, என் தொண்டிற்காகத் தரப்பட்டதா என்று கணவர் கேட்டார். அதற்கு அவ்வம்மையார் அளித்த விடை கூர்மையானது. உங்கள் தொண்டு என்பது என் தொண்டும் அன்றோ. இரவும் பகலும் உங்களுக்காகவும், நீங்கள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்திய விருந்தினருக்காகவும் நான் உழைத்தது தொண்டாகாதா என்பது அதன் கருத்து. கண்ணீரும் பெருகிற்று. இறுதியில் மாலை அறக்கட்டளைக்குச் சென்றது. தாம் ஒருவாறு வற்புறுத்தியே அவ்விசைவைப் பெற்றதாகக் காந்தியடிகள் பிற்காலத்தில் எழுதினார். முடிவு சரியானது என்பதில் மட்டும் அவருக்கு ஐயம் இருந்ததில்லை.

நம் இல்லங்களில் பொன் என்பது எத்துணைப் பொருள் பொதிந்தது என்பதை நாம் அறிவோம். ஆதலின் இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குதல் தகும். அபரிக்கிரகம் என்னும் பற்றின்மை போற்றத்தக்க அறம். எனினும் அன்று துறக்கப்பட்ட மாலை எவருடையது? தம் பொருளைத் துறப்பவனின் உள்ளத்தில் இருப்பது பற்றின்மை. பிறர் பொருளைத் துறக்கச் செய்பவனின் உள்ளத்தில் பற்றின்மையோடு ஆணையிடும் விருப்பமும் கலந்திருக்கக்கூடும். கஸ்தூரிபாய் எதிர்த்து நின்றிராவிடில் அக்கலப்பு வெளிப்பட்டிராது. நம் நோக்கத்தை நாம் மட்டுமே எடைபோட இயலாது. அதனால் பாதிக்கப்படுவோர் கூறுவதையும் தராசில் இடுதல் வேண்டும்.

நோன்பும் முள்ளும்

1900-இல் நான்காவது மகன் பிறந்தபின் காந்தியடிகள் புலனடக்க வாழ்வை மேற்கொள்ள எண்ணினார். இருமுறை முயன்று இருமுறையும் தோற்றார். தோல்விக்குக் காரணம் தேடியபோது, தம் மனவலிமையை அவர் குறைகூறவில்லை, நோக்கத்தையே ஐயுற்றார். மேலும் குழந்தைகள் பிறவாதிருத்தல் வேண்டும் என்பதே அம்முயற்சியின் முதன்மை நோக்கமாக இருந்தது என்றும், அது உயர்ந்த நோக்கமன்று என்றும் கண்டார். ஓர் உயர்ந்த ஒழுக்கத்தை அவர் தம் வசதிக்கு வேலையாளாக்கியிருந்தார்.

நம் ஆகமங்கள் மாயை, மித்தியாத்துவம், நிதானம் என மூன்று சல்லியங்களைக் கூறும். சல்லியம் என்பது முள். இங்கு நிதானம் என்பது வழக்கிலுள்ள பொறுமையைக் குறிப்பதன்று. நோன்பின் பயனை முன்கூட்டியே விலைபேசுதலைக் குறிப்பது. உள்ளே முள் தங்கியிருக்கும்வரை மேலே கட்டிய கட்டு புண்ணை ஆற்றாது. காந்தியடிகள் இச்சொல்லால் தம் நிலையை விளக்கவில்லை. ஆனால் அவர் கண்டெடுத்தது இம்முள்ளையே எனலாம்.

1906-இல் ஜூலுக் கலகத்தின்போது காயமுற்றோரைச் சுமந்து மலைகளிடையே பல கல் தொலைவு நடந்த நாட்களில், இவ்வினாவை அவர் மீண்டும் எடுத்தார். இம்முறை மற்றொன்றையும் கண்டுகொண்டார். முயல்கிறேன் என்று கூறி உறுதிமொழி ஏற்கத் தயங்குவது அடக்கத்தினால் அன்று. விட விரும்புவதாகக் கூறும் பொருளின்மேல் உள்ளத்தின் ஒரு மூலையில் விருப்பம் ஒளிந்திருப்பதனாலேயே அத்தயக்கம் பிறக்கிறது. அவ்வாண்டு அவர் விரதம் ஏற்றார். வாழ்நாள் முழுவதும் அதனைக் கடைப்பிடித்தார். உறுதி ஏற்கும் வேளையில்தான் மனைவியாரிடம் கலந்தார் என்பதையும் அவரே பதிவு செய்துள்ளார். அம்மையார் மறுப்புக் கூறவில்லை.

தந்தையும் மைந்தரும்

இத்தகைய கூரிய பார்வையும் எட்டாத இடம் ஒன்று இருந்தது. மூத்த மகன் ஹரிலால் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் பலமுறை சிறை சென்ற இளைஞர். இங்கிலாந்து சென்று பயில வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். டாக்டர் மேத்தா ஓர் உதவித்தொகை அளிக்க முன்வந்தபோது, காந்தியடிகள் தம் மகனைத் தேர்ந்தெடுக்காமல் உறவினரான சகன்லாலை அனுப்பினார். அவர் நோயுற்றுத் திரும்பியபின் சொராப்ஜி என்னும் பார்சி இளைஞரை அனுப்பினார். 1911-இல் ஹரிலால் தந்தையை விட்டுப் பிரிந்தார். பின்னாளில் குடியும் கடனுமாக அவர் வாழ்வு சிதைந்தது. தந்தை மறைந்த ஐந்தாம் மாதத்தில், 1948 ஜூனில், அவரும் மறைந்தார்.

தம் மகனுக்குச் சலுகை காட்டலாகாது என்னும் நடுநிலைமை தந்தையின் நோக்கமாக இருந்தது. நடுநிலையாளர் என்று தோன்றவேண்டும் என்னும் விருப்பமும் அதனுள் இருந்ததோ? அன்றி, தாம் வெறுத்த மேனாட்டுக் கல்வியை மகன் விரும்பியதனால் எழுந்த கசப்போ? நாம் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஹரிலாலின் போக்கிற்குத் தம் இளமைக்கால வாழ்வின் தீய பதிவுகளே காரணம் என்று காந்தியடிகள் தம்மையே நொந்துகொண்டார். அந்நோவில் உண்மை உண்டு. ஆயினும், தம் உள்ளத்தை ஆராயத் தெரிந்த தந்தைக்கு மகனின் உள்ளத்தை அவனுடைய மொழியிலேயே கேட்க இயலவில்லை. தன்னை அறிதலில் வல்லவரும் தாம் மிகவும் நேசிப்பவரிடத்தில் தடுமாறுவர் என்பது, பிள்ளைகளைப் பெற்ற நாம் அனைவரும் நெஞ்சில் இருத்தத்தக்க செய்தி.

உண்ணாநோன்பும் ஆட்டுப்பாலும்

1915-இல் தாயகம் திரும்பியபின், 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளரின் போராட்டத்தை அவர் வழிநடத்தினார். தொழிலாளர் கேட்டது முப்பத்தைந்து விழுக்காட்டு ஊதிய உயர்வு; ஆலை முதலாளிகள் தர இசைந்தது இருபது விழுக்காடு. முதலாளிகளின் தலைவரான அம்பாலால் சாராபாய் ஜைனக் குடும்பத்தவர், காந்தியடிகளின் நண்பர், ஆசிரமத்திற்கு வறுமை வந்தபோது உதவியவர். அவருடைய தமக்கையார் அனசூயாபென்னோ தொழிலாளர் பக்கம் நின்றார். நாட்கள் செல்லச் செல்லத் தொழிலாளரின் உறுதி தளர்ந்தது. மார்ச் 15 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்றே நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் நடுவர் தீர்ப்பில் முப்பத்தைந்து விழுக்காடே கிடைத்தது.

வெற்றி கிட்டிய பின்னரும் அவர் உள்ளம் நிறைவுறவில்லை. தொழிலாளரின் உறுதியைக் காப்பதே நோன்பின் நோக்கம். ஆனால் தம்மேல் அன்பு கொண்ட முதலாளிகள் அந்நோன்பினால் நெருக்குண்பர் என்பதை அவர் அறிந்தே இருந்தார். ஆகவே அந்நோன்பில் ஒரு மாசு உண்டு என்று வெளிப்படையாகக் கூறினார். அம்மாசுடனேயே அதனைத் தம் செயலாக ஏற்றுக்கொண்டார்.

அவ்வாண்டிலேயே அவர் கடும் நோயுற்றார். விலங்குணர்ச்சியைத் தூண்டும் என்று ஸ்ரீமத் கூறியிருந்ததாலும், பால் கறப்பதில் நடைபெறும் கொடுமையை அறிந்ததாலும், 1912 முதல் அவர் பாலை விலக்கியிருந்தார். மருத்துவர் பால் பருகினாலன்றி உடல் தேறாது என்றார். விரதம் ஏற்றபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் ஆகாதோ என்று கஸ்தூரிபாய் வினவினார். காந்தியடிகள் இசைந்தார், உடல் தேறிற்று. ஆனால், விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டதாகவே அவர் கருதினார். ரௌலட் சட்டத்தை எதிர்க்க உயிருடன் இருத்தல் வேண்டும் என்னும் தொண்டு வேட்கையே தம்மை வென்ற சோதனை என்று எழுதினார். தொண்டு செய்யும் ஆசையும் ஆசையே என்று கண்டவர் அவர். இது நாட்டிற்காக, இது என் உயிரின்மேல் கொண்ட விருப்பத்திற்காக என்று பிரித்துப் பார்க்க முயன்றார். முற்றிலும் பிரிக்க இயலாது என்பதையும் மறைக்கவில்லை.

மதுரையில் ஓர் இரவு

இந்தப் பின்னணியோடு நோக்கினால்தான், நம் நகரில் நிகழ்ந்த அந்த ஆடை மாற்றத்தின் முழுப்பொருளும் விளங்கும்.

1921-இல் அயல்நாட்டுத் துணி மறுப்பு இயக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. வங்காளத்துக் குல்னாவில் பஞ்சம். பாரிசாலுக்கு அவர் சென்றிருந்தபோது, மக்கள் உடையின்றி வாடுகையில் இவர் துணிகளை எரிக்கிறாரே என்னும் ஏச்சு காதில் விழுந்தது. அக்கணமே சட்டையையும் வேட்டியையும் களைந்து அனுப்பிவிட்டு இடைத்துணியுடன் வாழலாமா என்னும் எண்ணம் எழுந்தது. அவர் அதனை அடக்கிக்கொண்டார். அவ்வெண்ணத்தில் அகந்தையின் சாயல் படிந்திருப்பதாகக் கண்டதே காரணம். ஏச்சுக்கு விடையளிக்கும் வேகம் இரக்கத்தின் உருவில் வந்திருந்தது.

செப்டம்பர் 14 அன்று வால்டேரில் மௌலானா முகமது அலி அவர் கண்ணெதிரே கைது செய்யப்பட்டார். உடனே நடந்த கூட்டத்தில் தொப்பியையும் சட்டையையும் களைய மீண்டும் எண்ணம் எழுந்தது. அது பரபரப்பை உண்டாக்கும் காட்சியாகிவிடும் என்று அஞ்சி மீண்டும் அடக்கிக்கொண்டார்.

மூன்றாம் முறை தமிழ்நாட்டில். கதர் வாங்கப் பொருளில்லை என்று ஏழை மக்கள் கூறினர். புகைவண்டியில் உடன் வந்த எளியோரும் அதனையே கூறினர். முழு உடையுடன் அமர்ந்து அவர்களுக்கு அறிவுரை கூறும் தம் நிலை அவரைக் குத்திற்று. உடனிருந்த இராஜாஜி, டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், மௌலானா ஆசாத் சோபானி முதலியோரிடம் கருத்தை வெளியிட்டார். மௌலானா அவர் துயரை உணர்ந்து இசைந்தார்; மற்றவர்கள் கலங்கினர். நாட்கள் சில எண்ணத்திலேயே கழிந்தன. மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது எண்ணம் முடிவாயிற்று. 1921 செப்டம்பர் 22 காலையில் இடையில் ஒரு சிறு துணியுடன் அவர் வெளிவந்தார். அக்கோலத்தில் அவர் மக்கள் முன் தோன்றிய இடம் இன்றும் காந்திப் பொட்டல் என வழங்கப்படுகிறது.

மூன்று முறையும் எண்ணம் ஒன்றே. களைய விரும்பிய ஆடையும் ஒன்றே. முதன்முறை அதில் செருக்குக் கலந்திருந்தது. இரண்டாம் முறை உணர்ச்சி வேகம் கலந்திருந்தது. மூன்றாம் முறை, ஏச்சும் இல்லை, கைதும் இல்லை. ஏழையின் விடை மட்டுமே எஞ்சிற்று. அப்போதும் அவர் அதனை வாழ்நாள் முடிவாக அறிவிக்கவில்லை. அக்டோபர் 31 வரையேனும் என்று எல்லை வகுத்துக்கொண்டார். பிறர் தம்மைப் பின்பற்றல் வேண்டும் என்றும் கூறவில்லை. எல்லை கடந்தும் எண்ணம் நிலைத்தது. 1931-இல் லண்டன் பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோதும், 1948 ஜனவரி 30 அன்று மாலை வழிபாட்டிற்கு நடந்தபோதும் அவரிடம் இருந்தது அவ்வெளிய உடையே.

நமது நோக்கில்

மேனாட்டுச் சிந்தனையாளரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 1971-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஹாரி ஃபிராங்ஃபர்ட் எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. ஆசை கொள்வதோடு நில்லாமல், இவ்வாசை எனக்கு வேண்டுமா என்றும் விரும்ப வல்லவனே மனிதன் என்பது அதன் சாரம். ஆயினும், அவ்விரண்டாம் விருப்பமும் எங்கிருந்து வந்தது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. துறவின்மேல் கொண்ட விருப்பத்திலும் செருக்கு ஒளிந்திருக்கலாம் அன்றோ?

பொன்னூர் மலையோடு தொடர்புடையவராக நாம் போற்றும் குந்தகுந்தாசாரியார் சமயசாரத்தில் இதற்கு இருவகை நோக்கினைத் தருகிறார். நிச்சய நயத்தில் விருப்பும் வெறுப்பும் ஆன்மாவின் இயல்பல்ல. வினையின் உதயத்தால் தோன்றி மறைபவை. வியவகார நயத்தில் அவற்றுக்கு நாமே பொறுப்பாளிகள். இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றினால் கேடு விளையும். ஆசையே நான் என்பவன் அதற்கு அடிமையாகிறான். ஆசை என்னுடையதன்று, வினையின் விளையாட்டு என்பவன் பொறுப்பினின்றும் நழுவுகிறான். இது என் இயல்பன்று, ஆயினும் இதற்கு விடையளிக்க வேண்டியவன் நானே என்னும் இரண்டு பக்கமும் கொண்ட நோக்கே அனேகாந்தம். காந்தியடிகள் இக்கோட்பாட்டைப் பெரிதும் மதித்தவர். ஆலைத் தொழிலாளர் நோன்பின் மாசை அவர் ஒப்புக்கொண்டதும், பாரிசாலில் எழுந்த எண்ணத்தை நிறுத்தி வைத்ததும் இந்நோக்கின் இரு பக்கங்களே.

ஆகவே, நம் நோக்கங்களை நாம் முற்றிலும் அறிவோமா என்னும் வினாவிற்கு, பிறந்தவுடன் அவை நம்முடையவை ஆகிவிடுவதில்லை என்பதே இவ்வாழ்வு தரும் விடை. காத்திருந்து, கலப்பைக் கண்டு, அதனைப் பிறர் அறியக் கூறி, பாதிக்கப்படுவோர் சொல்லையும் கேட்டபின் எஞ்சி நிற்பதையே ஒருவாறு நம்முடையது எனலாம். அதுவும் முழுமையன்று. கஸ்தூரிபாயின் கண்ணீரும் ஹரிலாலின் வாழ்வும் அதற்குச் சான்று.

நம் சிராவகர்க்கு நாள்தோறும் பிரதிக்கிரமணம் விதிக்கப்பட்டுள்ளது. செய்த பிழையை எண்ணி வருந்துவதோடு அமையாமல், செய்த நற்செயலின் வேரையும் அவ்வேளையில் தோண்டிப் பார்ப்போம். எவரும் காணாவிடினும் இதனைச் செய்திருப்போமா என்று கேட்போம். வீட்டில் எவருடைய மாலையை நம் அறத்திற்காகக் கழற்றினோம் என்றும் கேட்போம். விடை இனிமையாக இராது. ஆயினும், முள் எங்குத் தைத்துள்ளது என்று அறிந்தவனே அதனை எடுக்க இயலும். நன்மைகளைச் செய்வதை நிறுத்தாமல், அவற்றிலுள்ள கலப்பை மட்டும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் களைந்து, மும்மணி நெறியில் முன்னேற முயல்வோமாக.